பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறி

மங்களூர் என்று சொன்னவுடன் பலருக்கும் கர்நாடகத்துக் கடற்கரை நகரமும் அதன் சிவந்த ஓடுகளுமே நினைவுக்கு வரும். நம்முடைய மங்களூர் அதுவன்று. பீங்கான் நகரமாம் விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றாக இருப்பது இது. இரண்டு ஊருக்கு ஒரே பெயர் இருந்தால் 'எந்த மங்களூர் ஐயா?' என்று கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் மங்களூர், வேப்பூர் என்னும் இரண்டு வெவ்வேறு பெயர்களும் கணிப்பொறித் திரையில் ஒரே உருவம் கொண்டு நின்றால் யாரைக் கேட்பது? அப்படி நிற்கவைத்த ஒரு கருவியைப் பற்றியதே இக்கட்டுரை. அக்கருவியில் மங்களூர் இப்படித்தான் தெரியும்: ????????. வேப்பூரும் இப்படித்தான்: ????????.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கின்ற ஒரு சிறு தொழிற்கூடம். காலம் 2005ஆம் ஆண்டு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கணக்குப் பார்ப்பவர் தொழிலாளர் பெயர்களையும் ஊர்களையும் தமிழிலேயே வைக்க விரும்புகிறார். அக்சஸ் என்னும் தரவுத்தளத்தைத் திறந்து, அதன் அட்டவணையில் நேராகவே தமிழில் தட்டச்சு செய்கிறார். கொளஞ்சி, மல்லிகா, பழமலை, செல்வி என்று அழகாக வரிசையில் அமர்கின்றன. அடுத்து, சம்பளக் கணக்குப் போடுவதற்காக ஓர் இளைஞரைக் கொண்டு விஷுவல் பேசிக்கில் ஒரு நிரல் எழுதச் சொல்கிறார். நிரல் ஓடுகிறது. கூலித் தொகை சரியாக வருகிறது, தேதி சரியாக வருகிறது. பெயர் இருக்கவேண்டிய பெட்டியில் மட்டும் கேள்விக்குறிகள்.

எழுதிய இளைஞர் முதலில் எழுத்துருவைத்தான் சந்தேகிப்பார். விண்டோஸ் 2000 முதல் உடன் வருகின்ற 'லதா' எழுத்துருவை அந்தப் பெட்டிக்குச் சூட்டிப் பார்ப்பார். கேள்விக்குறி அப்படியே இருக்கும், சற்றே வடிவம் மாறிய கேள்விக்குறியாக! இவ்வழியில் சென்று பல இரவுகளை இழந்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, சீனம் படித்த இங்கிலாந்துக்காரர் வரை எங்கும் உண்டு. நோய் எழுத்துருவில் இல்லை. எனவே மருந்தும் அங்கே இல்லை.

விஷுவல் பேசிக்கைப் பற்றி இளைய மாணவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 1991இல் வெளியிட்டது. அதுவரை விண்டோசுக்கு நிரல் எழுதுவது பெரும் தவம். ஒரு வெற்றுச் சாளரத்தைத் திறந்து காட்டவே பக்கம் பக்கமாக எழுதவேண்டும். விஷுவல் பேசிக்கோ, பெட்டி வேண்டுமா, பொத்தான் வேண்டுமா, எடுத்துப் படிவத்தில் வையுங்கள், பிறகு வேலையை மட்டும் எழுதுங்கள் என்றது. இவ்வாறு எடுத்து வைக்கும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் 'கன்ட்ரோல்' என்று பெயர். எழுத்தை வாங்கும் 'டெக்ஸ்ட் பாக்ஸ்', எழுத்தைக் காட்டும் 'லேபிள்', பட்டியலுக்கு 'லிஸ்ட் பாக்ஸ்' என்று அவை பல. 1998இல் வந்த ஆறாம் பதிப்பே அவ்வரிசையின் கடைசிப் பதிப்பு. கடைக் கணக்கு, மருந்தகம், நூலகம், பள்ளிக் கட்டணம் என எதற்கும் அதில் நிரல் எழுதினார்கள். நம் நாட்டுக் கல்லூரிப் பாடத்திட்டங்கள் பலவற்றிலும் அது நெடுங்காலம் வீற்றிருந்தது. எளியவர்க்கும் நிரலாக்கத்தைத் திறந்துவிட்ட கருவி அது என்றால் மிகையாகாது. அதன்மேல் எனக்குள்ள மதிப்பைச் சொல்லிவிட்டே அதன் குறையைச் சொல்ல வருகிறேன்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும் என்பதை நாம் அறிவோம். ஆங்கில உலகம் 128 எண்களைக் கொண்டு தன் எழுத்துகளை அடக்கிக்கொண்டது. பிறகு எண்கள் 256 ஆயின. முதற்பாதி எல்லார்க்கும் பொது. மறுபாதியை அந்தந்த நாட்டார் தத்தம் எழுத்துக்கு ஒதுக்கிக்கொண்டனர். இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலுக்குக் குறியீட்டுப் பக்கம் என்று பெயர். விண்டோசில் மேற்கு ஐரோப்பியருக்கு 1252ஆம் பக்கம், கிரேக்கருக்கு 1253, அரேபியருக்கு 1256, தாய்லாந்துக்கு 874. ஆயிரக்கணக்கான எழுத்துடைய ஜப்பானியர்கூட இரண்டிரண்டு எண்களைச் சேர்த்து எழுதும் 932ஆம் பக்கத்தைப் பெற்றனர். இம்முறைக்கு வழக்கில் 'ஆன்சி' என்று பெயர். ஒரு கணிப்பொறியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே விரிந்திருக்கும் என்பதுதான் இதன் பெரிய குறை. கிரேக்கமும் அரபும் ஒரே தாளில் வாரா.

இக்குறையைப் போக்க எழுந்ததே யூனிகோடு. உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண், யாரும் யாருடைய எண்ணையும் தொடவேண்டியதில்லை. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை உள்ள எண்கள் நம்முடைய வீதி. அதில் அகரத்தின் கதவிலக்கம் 2949, ககரத்துக்கு 2965, மகரத்துக்கு 2990, சிறப்பு ழகரத்துக்கு 2996. வீதியில் எல்லா வீடுகளும் நிரம்பிவிடவில்லை, 72 இடங்களில்தான் குடியிருப்பு. 247 எழுத்துக்கு 72 இடம் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். உயிர்மெய்களை மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று பிரித்து எழுதுவதால் போதும். புள்ளிக்கும் தனியெண் உண்டு. மங்களூர் என்பது ம, ங, புள்ளி, க, ள, ஊகாரக் குறி, ர, புள்ளி என எட்டு எண்கள். வேப்பூரையும் இப்படி எண்ணிப் பாருங்கள், எட்டுதான். எட்டுக் கேள்விக்குறி எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். ஓர் எண் ஒரு கேள்விக்குறியாகிறது. கொளஞ்சி ஏழு, மல்லிகாவும் ஏழு. சம்பளப் பட்டியலில் இருவரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. 1995இல் வந்த நான்காம் பதிப்பின் 32 பிட் வடிவம் முதற்கொண்டே விஷுவல் பேசிக் தன் உள்ளே சொற்களை யூனிகோடாகவே வைத்திருந்தது! தரவுத்தளத்திலிருந்து மங்களூர் என்னும் சொல்லை எடுத்து ஒரு மாறியில் வைத்து, அதன் முதலெழுத்தின் எண் என்ன என்று நிரலையே கேட்டால் 2990 என்று சரியாகவே விடை சொல்லும். அதே சொல்லை டெக்ஸ்ட் பாக்சில் இட்டு, திரும்பவும் அதிலிருந்து எடுத்து, முதலெழுத்தின் எண்ணைக் கேளுங்கள். 63 என்று வரும். 63 என்பது கேள்விக்குறியின் எண். 2990ஆக உள்ளே போனது 63ஆக வெளியே வருகிறது. ஆகவே குற்றம் மொழியின் உள்ளத்தில் இல்லை, கன்ட்ரோலின் வாயிலில் இருக்கிறது.

வாயிலில் நடப்பது என்ன? விண்டோசில் எழுத்தைக் கையாளும் செயற்கூறுகள் பெரும்பாலும் இரட்டையராகப் பிறந்தவை. பெயர் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தில் முடிவது ஆன்சிக்கு உரியது. 'டபிள்யூ' என்னும் எழுத்தில் முடிவது யூனிகோடுக்கு உரியது. விண்டோஸ் என்.டி. இரண்டையும் அறியும். ஆனால் 1995இல் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சென்றது விண்டோஸ் 95. அதில் யூனிகோடு செயற்கூறுகள் மிகச் சிலவே வேலை செய்தன. இரண்டிலும் ஒரே நிரல் ஓடவேண்டுமானால் 'ஏ' வழியைத்தான் பிடித்தாக வேண்டும். விஷுவல் பேசிக்கின் கன்ட்ரோல்கள் அவ்வழியைப் பிடித்தன. உள்ளிருந்து யூனிகோடாக வரும் சொல்லை வாயிலில் நிறுத்தி, அந்தக் கணிப்பொறியில் விரிந்திருக்கும் பக்கத்து எண்ணாக மாற்றி உள்ளே விட்டன. பக்கத்தில் இல்லாத எழுத்துக்குக் கேள்விக்குறி கொடுத்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நல்ல உவமை கைவசம் இருக்கிறது. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோம். குழம்பு எந்த உருவத்துக்கும் ஆயத்தமானது. ஆனால் பிள்ளையார் அச்சு இருந்தால்தான் பிள்ளையார் வரும். அச்சு அலமாரியில் 256 அச்சுகள், அவற்றுள் தமிழ் அச்சு ஒன்றுமில்லை. அச்சில்லாத உருவம் எது கேட்டாலும் ஒரே கேள்விக்குறிப் பொம்மையை ஊற்றிக் கொடு என்பது ஏற்பாடு.

அப்படியானால் ஜப்பானியர் என்ன செய்தனர்? அவர்கள் ஊர்க் கணிப்பொறியில் ஜப்பானிய அச்சலமாரி இருந்தது. அவர்கள் நிரல் அவர்கள் ஊரில் நன்றாகவே ஓடிற்று. கிரேக்கத்திலும் தாய்லாந்திலும் அப்படியே. பெருஞ்சந்தைகளில் நோய் வெளியே தெரியவில்லை. நமக்கோ இருவழியும் அடைபட்டிருந்தது. விண்டோஸ் தமிழை அறிந்தது 2000இல், விண்டோஸ் 2000 வாயிலாக. இனிப் புது மொழிகளுக்கு யூனிகோடே போதும் என்று அதற்குள் முடிவாகிவிட்டதால் தமிழ், இந்தி முதலிய இந்திய மொழிகளுக்கு, கணிப்பொறி முழுமைக்கும் விரிக்கத்தக்க ஆன்சிப் பக்கம் தரப்படவே இல்லை. முடிவு என்னவோ சரியானதுதான். ஆனால் பாலம் கட்டியாயிற்று என்று ஓடத்தை நிறுத்தும்போது, பாலத்தில் ஏற முடியாத வண்டிகள் எத்தனை துறையில் நிற்கின்றன என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. விஷுவல் பேசிக் 6 அப்படி நின்ற வண்டி.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். பெயர் திரையில் தெரியவில்லை என்பது சிறு துன்பம். பெயரே அழிந்துபோவது பெருந்துன்பம். தொழிற்கூடத்துக் கணக்கரிடம் திரும்பிச் செல்வோம். மல்லிகாவின் தினக்கூலி உயர்ந்திருக்கிறது. அவருடைய வரிசை எண்ணைக் கொண்டு படிவத்தைத் திறக்கிறார். பெயர்ப் பெட்டியில் ஏழு கேள்விக்குறி. 'பெயர் தெரியாவிட்டால் போகட்டும், எண்தான் தெரிகிறதே' என்று கூலியை மட்டும் மாற்றிச் சேமி என்னும் பொத்தானை அழுத்துகிறார். அக்காலத்தில் பலரும் எழுதிய சேமிப்பு முறை என்ன தெரியுமா? படிவத்திலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் இருப்பதை வரிசையாக எடுத்துத் தரவுத்தளத்தில் எழுதிவிடுவது. பெயர்ப் பெட்டியில் இருந்தவை கேள்விக்குறிகள். ஆகவே தரவுத்தளத்திலும் இனி அவையே. அதுவரை மல்லிகா என்னும் பெயர் அட்டவணையில் முழுதாக உயிரோடு இருந்தது. அந்த ஒரு அழுத்தத்தில் அது போயிற்று.

பச்சைப் பொம்மை உடைந்தால் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் களிமண்ணாக்கலாம். சூளையில் வெந்த பின் உடைந்தால் ஓடுதான். 2990, 63ஆக எழுதப்பட்ட பிறகு எந்த மாற்றுக் கருவியாலும் அதை மீட்க முடியாது. 63 என்னும் எண்ணில் பழைய எழுத்தின் சுவடு ஒன்றும் இல்லை. முன்பே எடுத்து வைத்த படி இருந்தால் பிழைத்தோம்.

என் குற்றச்சாட்டு இதுதான். 1995இல் ஆன்சி வழியைப் பிடித்ததை நான் குறை சொல்லமாட்டேன், அன்றைய நிலையில் வேறு வழி அரிது. ஆனால் பூச்சியத்தால் வகுத்தால் இதே விஷுவல் பேசிக் 11ஆம் எண் பிழை என்று உரக்கக் கூவி நிற்கும். எண் இருக்கவேண்டிய இடத்தில் சொல் வந்தால் 13ஆம் எண் பிழை என்று மறுக்கும். ஒரு மனிதரின் பெயரைத் தொலைக்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. தொலைத்ததை ஒளித்து, இடத்தை நிரப்பி, ஒன்றும் நடவாததுபோல் மேலே செல்கிறது. மாற்ற இயலாத எழுத்து வந்ததும் நின்றிருந்தால் எத்தனையோ பட்டியல்கள் பிழைத்திருக்கும்.

திரையில் தமிழ் கெட்டுத் தெரிவதெல்லாம் ஒரே நோய் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் அஞ்சவேண்டியதில்லை. எண் சரியாகவே இருக்கிறது, அதை வரையத் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். எழுத்துருவை நிறுவினால் கட்டம் எழுத்தாகும். ஆங்கில எழுத்தும் விநோதக் குறிகளும் கலந்து தெரிந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டியது. எடுத்துக்காட்டாக, இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் அம்மா என்று அடித்ததை வேறு எழுத்துருவில் பார்த்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள் நிற்கும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றுக் கருவியால் மீட்டுவிடலாம். கேள்விக்குறி தெரிந்தால் மட்டும் உடனே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது திரையளவில் நிற்கிறதா, தரவுத்தளத்துக்குள்ளும் இறங்கிவிட்டதா என்று அட்டவணையை நேராகத் திறந்து பார்க்கும்வரை எதையும் சேமிக்கக்கூடாது.

பாமினியைச் சொன்னேன். விஷுவல் பேசிக்கில் தமிழ் நிரல் எழுதியோர் பலர் அந்த வழியையே நாடினர். ஆங்கில எழுத்தின் எண்ணிலோ, 256இன் மறுபாதியிலோ தமிழ் உருவத்தை வரைந்து வைத்துவிட்டால் கன்ட்ரோலுக்கு ஐயம் எழாது. தெரிந்த எண்தானே என்று வாயிலைத் திறந்துவிடும். எழுத்துருவுக்கு ஓர் ஏற்பாடாக இருந்த இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்தவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. விஷுவல் பேசிக் நிரல்களுக்கு டாப் முறை நன்றாகவே இசைந்தது. பிறகு 2010இல் அரசு யூனிகோடையும், அது இயலாத இடங்களுக்கு டேஸ் 16 என்பதையும் தரமாக அறிவித்தது. அப்போது பழைய நிரல்களைக் கையில் வைத்திருந்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள். தரவை யூனிகோடுக்கு மாற்றினால் பெட்டியில் கேள்விக்குறி. மாற்றாவிட்டால் வெளியில் எவரும் படிக்க இயலாத தரவு.

தப்பும் வழி இல்லாமல் இல்லை. ஆபிஸ் தொகுப்புடன் வரும் 'ஃபார்ம்ஸ் 2.0' என்னும் கன்ட்ரோல்கள் யூனிகோடை ஏற்பவை. படிவத்தில் அவற்றை வைத்தால் தமிழ் வரும். ஆனால் அவற்றை நிரலுடன் சேர்த்துப் பிறருக்கு வழங்க உரிமமில்லை, நிரல் ஓடும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஆபிஸ் இருக்கவேண்டும். கைதேர்ந்தவர்கள் 'டபிள்யூ' இரட்டையரை நேராக அழைத்துத் தாங்களே ஒரு பெட்டியை உருவாக்கிக்கொண்டனர். காட்டினால் மட்டும் போதும் என்னும் இடத்தில் பெட்டியே வேண்டாம் என்று எழுத்தைப் படிவத்தின்மேல் வரைந்துவிட்டவர்களும் உண்டு. 2002இல் வந்த விஷுவல் பேசிக் டாட் நெட்டில் கன்ட்ரோல்கள் முழுதும் யூனிகோடு அறிந்தவை. ஆயினும் பழைய நிரலை அதற்கு மாற்றுவது புது வீடு கட்டுவதற்கு ஒப்பான வேலை. சிறு தொழிற்கூடத்தாருக்கு அதற்கேது பொருள்?

மைக்ரோசாப்ட் இக்கருவிக்குத் தந்துவந்த ஆதரவை 2008 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. என்றாலும் அதில் எழுதிய நிரல்கள் ஓடத் தேவையான கோப்பை விண்டோஸ் 11 வரை சுமந்தே வருகிறது. ஆகவே பழைய நிரல் இன்றும் எங்கேனும் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் திருத்தும் வேலை உங்களுள் ஒருவருக்கு வந்து சேரலாம். அப்படி வந்தால் முதலில் தரவுத்தளத்தைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். அடுத்து, சேமி பொத்தானின் நிரலைத் திறந்து, பயனர் மாற்றாத பெட்டியைத் திருப்பி எழுதாதவாறு திருத்துங்கள். மூன்றாவதாக ஒரு சிறு காவல். எந்தச் சொல்லையும் பெட்டியில் இடுமுன் அதை ஆன்சியாக மாற்றி, மீண்டும் யூனிகோடாக மாற்றி, முதற்சொல்லோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒன்றானால் பெட்டி அதைத் தாங்கும். வேறானால் பெட்டியைப் பூட்டிவிட்டு, இந்தப் பெயரை இங்கே காட்ட இயலாது என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டலாம். தமிழில் எழுதினால் அந்த அறிவிப்பும் கேள்விக்குறியாகத்தான் வரும், அறிவிப்புப் பெட்டியும் அதே ஆன்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது!

நம் கணக்கரிடம் படியெடுத்த தரவுத்தளம் இல்லை என்று வைத்துக்கொண்டால், அவருக்கு எஞ்சியிருப்பது தாளில் எழுதிய பழைய கூலிப் பதிவேடுதான். வரிசை எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயராக அக்சஸ் அட்டவணையில் மீண்டும் தட்டவேண்டும். பதிவேட்டுக்குப் பின் சேர்ந்தவர்களை நேரில் அழைத்து, 'உங்கள் பெயர் என்னம்மா, ஊர் மங்களூரா, வேப்பூரா?' என்று கேட்கவேண்டும்.